அக்கா மகனுக்குப் பதினாறு வயது, போட்டில் ஏற்றி விடலாமா?

கரைமாமா | மே 19, இரவு 10.40

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம்தான். என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. கணக்கில் 19. மற்ற நாலு பாடமும் தட்டுத்தடுமாறிப் பாஸ்.

மார்க் மட்டும் என்றால் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். ஒரு வருடமாகவே ஆள் சரியில்லை. உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம் அவன் பையில் இரண்டு தடவை கிடைத்தது. ஜனவரியில் திருவிழாச் சமயத்தில் பக்கத்து ஊர்ப் பையன்களோடு அடிதடி. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து நான்தான் கூட்டி வந்தேன். லைசென்ஸ் கிடையாது, கூட்டாளியின் பைக்கில் நடு இரவில் முட்டம் வரை போய் வருகிறான். அக்கா கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். நான் கேட்டால் "ஒண்ணும் இல்ல மாமா." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அத்தான் கொச்சியிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப் போட்டுக்குப் போகிறவர். ஒரு தங்கல், அதாவது ஒரு தடவை கடலுக்குப் போனால், முப்பது நாள், சில சமயம் நாற்பது. வீட்டில் இருப்பது நாலு நாள், அந்த நாலு நாளும் அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. இப்போது ஜூன் ஒன்று முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், அத்தான் இரண்டு மாதம் கரையில் இருப்பார். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கிளம்பும்போது இவனையும் ஏற்றிக்கொண்டு போவதாக வீட்டில் முடிவு. "ரெண்டு தங்கல் கடல் கண்டா தானா திருந்துவான்" என்கிறார். பாட்டிக்கும் அதே எண்ணம். அக்கா அழுகிறாள். தாய்மாமன் நீ சொல் என்று என் தலையில் போட்டிருக்கிறார்கள். நான் மார்த்தாண்டத்தில் துணி அளந்து கிழிக்கிறவன், எனக்கென்ன தெரியும்?

"உனக்கு என்னலே ஆவணும், கனவுன்னு ஒண்ணு கெடையாதா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.


நேர்பேச்சு | மே 19, இரவு 11.05

அடியாத மாடு படியாது. போனைப் பிடுங்குங்கள், பைக் சாவி கொடுக்கிற கூட்டாளியின் வீட்டில் போய்ச் சத்தம் போடுங்கள், அப்பா சொன்னபடி போட்டில் ஏற்றுங்கள். எங்களையெல்லாம் கனவு என்ன என்று யார் கேட்டார்கள்? நாங்கள் பிழைக்கவில்லையா?


டீசல்கை | மே 20, காலை 5.50

நேர்பேச்சு அண்ணன் சொல்வதை என் அப்பா எனக்கு முழுசாகவே செய்து பார்த்தார். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் போட்டில் ஏறியபோதும் பதினாறுதான். முதல் ஒரு வாரம் வாந்தி. அப்புறம் சமையலுக்குக் கூடமாட நிற்பது, ஐஸ் உடைப்பது, தூண்டிலில் இரை கோப்பது. திருந்தினேனா என்றால், புகையிலை பழகியதே போட்டில்தான். இரவெல்லாம் கண்விழித்துத் தூண்டில் வாங்கும்போது தூக்கம் வராமல் இருக்கப் பெரியவர்களே கையில் தருவார்கள். மாதக் கடைசியில் கையில் காசு. கரையில் இருக்கும் நாலு நாளில் அந்தக் காசை அழிக்கவும் வழி தெரிந்துகொண்டேன். கடல் எங்கள் தொழில்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்டனை என்று சொல்லி ஏற்றி விட்டார்கள், அதனால் இரண்டு வருடம் ஒவ்வொரு நாளையும் ஜெயில் நாள் மாதிரி எண்ணிக்கொண்டு இருந்தேன்.

2017 நவம்பர் 29 இரவு ஒகி புயல் வந்தபோது காய்ச்சலில் நான் கரையில் கிடந்தேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு பல மாதம் நான் யாரோடும் பேசவில்லை. வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள்.

என்னை வெளியே எடுத்தது பெரிய அறிவுரை ஒன்றும் இல்லை. எஞ்சின் வேலை பார்க்கிற ஒரு மேஸ்திரி, தினம் காலையில் வீட்டு முன்னால் வந்து "வாலே, ஸ்பேனர் பிடிக்க ஆள் இல்ல" என்று கூப்பிடுவார். ஆள் இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் கடையில் இருந்துகொண்டே தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். பிறகு சிஃப்நெட்.

அது என்ன என்று நம் கரையிலேயே பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மீன்பிடிப் படகுக்கு ஆள் பயிற்றுவிக்கிற மத்திய அரசு நிறுவனம். தலைமையிடம் கொச்சி, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை உண்டு. பத்தாவது முடித்தவர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு இரண்டு: ஒன்று படகு ஓட்டுவதற்கு, இன்னொன்று எஞ்சின் பார்ப்பதற்கு, மரைன் ஃபிட்டர் என்பார்கள். வயது பதினாறுக்கும் இருபதுக்கும் இடையில் இருக்க வேண்டும். கணக்கிலும் அறிவியலிலும் நாற்பது சதவீதம் கேட்பார்கள், நுழைவுத் தேர்வும் உண்டு. அந்தந்த வருட அறிவிப்பை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நான் மரைன் ஃபிட்டர் முடித்து இப்போது வளைகுடாவில் கப்பல் இழுக்கிற ஒரு டக் படகின் எஞ்சின் அறையில் இருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து எழுதுகிறேன், கையில் இன்னும் டீசல் நாற்றம்.

கரைமாமா அண்ணே, அவன் கடலுக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஆகஸ்டில், இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.


வடசேரி_ஸ்டாண்ட் | மே 20, காலை 8.15

நல்ல முன்மாதிரிகளைக் காட்டுங்கள். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சார் நம் சரக்கல்விளைக்காரர், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். இப்போதைய தலைவர் நாராயணன் சாரும் நம் மேலக்காட்டுவிளை. அவர்கள் பேசிய வீடியோக்களைப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள், உத்வேகம் வரும்.


பத்தாம்நம்பர் | மே 20, காலை 8.31

நம் மாவட்டத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிடம் இஸ்ரோ வந்துவிடும். கணக்கில் 19 வாங்கியவனுக்கு ராக்கெட் வீடியோவா? அண்ணே, அவன் வயது எனக்கு இப்போதுதான் தாண்டியது. "அவரைப் பார், இவரைப் பார்" என்று சொன்னால் காதில் விழுவது "உன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்பதுதான்.

என் யோசனை: சாயங்காலம் கிரவுண்டுக்கு அனுப்புங்கள். தூத்தூர் பக்கம் பந்து உதைக்காத பையன் உண்டா? மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையிலிருந்து ஐஎஸ்எல் கால்பந்து லீக்குக்கும் இந்திய அணிக்கும் போனவர்தானே. (சரி, நானும் "அவரைப் பார்" என்றுதான் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.)


மூணாம்ஷிஃப்ட் | மே 20, மதியம் 2.20

நான் மனநலப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ். பந்து, படிப்பு, போட்டு எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் சில விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

ராத்திரி தூங்குகிறானா? முன்பு விரும்பிச் சாப்பிட்டதை இப்போதும் சாப்பிடுகிறானா? "நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா? ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது தூக்கிக் கொடுத்தானா? உடம்பில் கீறல் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். சாகிற பேச்சு வந்தால் நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போனால் பைத்தியம் என்று யாரும் எழுதி ஒட்ட மாட்டார்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 உண்டு.

புகையிலையை ஒரே நாளில் பிடுங்கினால் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதையும் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கேள்வி. இதுதான் முக்கியம். வீட்டை விட்டுக் கிளம்பினால் அவன் எங்கே போய் உட்காருகிறான்? கூட்டாளி யார் என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் உட்காருகிறான்?


கரைமாமா | மே 20, இரவு 9.55

நர்ஸ் அக்கா, நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. தூக்கம் குறைவு, போன்தான் காரணம். சாப்பாடு பரவாயில்லை, கிழங்கும் மீனும் இருந்தால் இரண்டு தட்டு. சாவுப் பேச்சு இல்லை என்று அக்கா சொல்கிறாள். நானும் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னபடி நேரடியாகவே கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல மாமா" என்றான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்.

எங்கே உட்காருகிறான் என்று யோசித்ததே இல்லை. விசாரித்தேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பக்கம் வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டுகிற எக்கோ எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு சின்னக் கடை. பள்ளிக்கூடம் போகாமல் கட் அடித்த நாளெல்லாம் அங்கேதானாம். நாங்கள் இத்தனை நாளும் "ஊர் சுற்றுகிறான்" என்று சொன்னது இதைத்தான்.


மூணாம்ஷிஃப்ட் | மே 20, இரவு 10.10

அந்தக் கடைக்கு ஒரு நாள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பையனைப் பற்றிப் புகார் சொல்லாமல் வாருங்கள்.


ஓய்வுபெற்ற_கணக்கு | மே 21, காலை 6.30

முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவன். 19 என்பதைக் கேட்டு எல்லோரும் பதறுகிறீர்கள், எனக்கு அது 35க்குப் பக்கம். ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. அதை விட்டால் ஒரு வருடம் போச்சு, அந்த ஒரு வருடத்தில்தான் பையன்கள் கைவிட்டுப் போகிறார்கள்.

வினாத்தாள் நூறு மதிப்பெண். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் பத்து எழுத வேண்டும், அது 20. ஐந்து மார்க் பத்து, அது 50. கடைசியில் எட்டு மார்க் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். அந்தப் பதினாறும் பென்சிலும் ஸ்கேலும் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பழகினால் வருவது. புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க்கில் பத்து வாங்கினால் இருபத்தாறு. இனி சார்புகள், அணிகள் மாதிரி நேராகப் போகிற இடத்திலிருந்து இரண்டு ஐந்து மார்க். முடிந்தது. இயற்கணிதம் முழுவதும் தெரியாமலேயே பாஸ் ஆகலாம். சொல்ல எனக்கே வெட்கம்தான், ஆனாலும் உண்மை.

ஜிபிஎஸ் கடையில் உட்காருகிறவனுக்கு வரைபடம் வராது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். தேங்காய்ப்பட்டணம் ஏறத்தாழ எட்டு டிகிரி வடக்கு, எழுபத்தேழு டிகிரி கிழக்கு. அட்சமும் தீர்க்கமும் சேர்ந்து ஒரு புள்ளி. அதையேதான் எக்ஸ், ஒய் என்று வேறு பெயரில் நாங்கள் கேட்கிறோம். பாடம் நடத்திய எங்களுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை, அது எங்கள் குறை.

வடசேரி நண்பருக்கு ஒன்று. நாராயணன் பற்றிச் சொல்ல வேண்டியது ராக்கெட் இல்லை. அவர் முதலில் படித்தது பாலிடெக்னிக்கில், மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலை பார்த்துக்கொண்டே ஏஎம்ஐஇ என்கிற இன்ஜினியரிங் தேர்வு. ஐஐடி கரக்பூரெல்லாம் அதற்கு அப்புறம்தான். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர். அந்தப் படிக்கட்டைச் சொல்லுங்கள்.

பையன் தக்கலைப் பக்கம் வர முடிந்தால் சனி, ஞாயிறு என் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது.


நிர்வாகி | மே 21, காலை 9.00

முகவரி, தொலைபேசி எண் எதையும் இங்கே போட வேண்டாம், தனி மடலில் அனுப்பிக்கொள்ளுங்கள். பையனின் பெயரையோ படத்தையோ யாரும் கேட்கவும் வேண்டாம். "கப்பல் வேலை கியாரண்டி" என்று எண் போட்டிருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம்.


டீசல்கை | மே 21, மாலை 6.40

நிர்வாகிக்கு நன்றி. நம் கரையில் பையன் தடுமாறுகிறான் என்று தெரிந்தால் முதலில் மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இந்தக் கப்பல் வேலை ஏஜென்டுகள்தான். என் சித்தப்பா மகனுக்காக வள்ளத்தை விற்று ஒரு ஏஜென்டிடம் மூன்று லட்சம் கொடுத்தார்கள். கிடைத்தது பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சர்டிபிகேட், அதை எந்தக் கப்பலும் ஏற்கவில்லை. சரக்குக் கப்பலில் கீழ்நிலை வேலைக்குச் சேர்கிற ஜிபி ரேட்டிங் ஆறு மாதப் பயிற்சி. அதை மத்திய அரசின் கப்பல் துறை அலுவலகமான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த இடத்தில்தான் படிக்க வேண்டும், பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. ஆள் எடுக்கிற கம்பெனிக்கு அவர்கள் தருகிற ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வேண்டும், வேலைக்கு ஏற்றிவிட அந்தக் கம்பெனி பையனிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.


குலசேகரம்காரி | மே 22, இரவு 11.30

எல்லாம் வாசித்தேன். பையன் பையன் என்றே பேசுகிறீர்கள், அதனால் ஒன்று எழுதுகிறேன். பொம்பளப் பிள்ளை தடுமாறினால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வராது, அதனால் யாருக்கும் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். நான் மூணரைக்கு எழுந்து சோறு வடித்து, தம்பிமார் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டு, பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போவேன். பதினொன்றாம் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஊரில் "என்ன அடக்கமான பிள்ளை" என்று பாராட்டினார்கள். நான் உள்ளே அடைந்துகிடந்தேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"உன் லட்சியம் என்ன" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். கலெக்டர் என்று சொல்லிவிடுவேன். கலெக்டர் என்று சொன்னால் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விடுவார்கள். அப்போது எனக்கு உண்மையில் இருந்த ஆசை ஒரே ஒரு இரவு ஆறு மணி நேரம் தூங்குவது.

உயிரியல் டீச்சர் ஒருத்தர், நான் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோவதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. லேபில் ஸ்லைடு துடைத்து அடுக்குகிற வேலையைத் தந்தார், மதிய நேரத்தில். அங்கேயே அவரும் சாப்பிடுவார். மூன்று வாரம் கழித்து நானாகவே பேச ஆரம்பித்தேன். அப்புறம் அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார், விடுதியில் சேர்த்தார்கள். இப்போது லேப் டெக்னீஷியன் படிப்பு கடைசி வருடம். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் நேரம் போவது தெரியாது. கலெக்டர் ஆகவில்லை, ஆகப் போவதும் இல்லை.

கரைமாமா அண்ணா, அவனிடம் கனவைக் கேட்காதீர்கள். கேட்டால் அவனும் ஒரு கலெக்டரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். சுவரைப் பார்த்து நின்றான் என்றால் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று அர்த்தம். நல்ல பிள்ளைதான்.


நேர்பேச்சு | மே 23, காலை 7.10

சரி, அடி வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அடிக்காமலும் திட்டாமலும், ரிப்பேர் கடையில் உட்கார்ந்ததற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தால், ஸ்டேஷன் வரை போனதற்கு என்ன பதில்? அதற்கு விலை ஒன்றும் கிடையாதா?


மூணாம்ஷிஃப்ட் | மே 23, மதியம் 1.45

நியாயமான கேள்வி. விலை உண்டு. பைக் இல்லை, இரவு பத்துக்கு வீடு, இது இரண்டும் பேரம் பேச முடியாத சட்டம் என்று அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் சொல்லட்டும். ஒருவர் இறுக்கி இன்னொருவர் தளர்த்தினால் பையன் நடுவில் ஓட்டை கண்டுபிடிப்பான். ஆனால் சட்டம் நாலுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது அத்தனையும் தண்டனையாகப் போனால் அவன் திரும்பி வர இடமே இருக்காது.


கரைமாமா | ஜூன் 15, இரவு 10.20

எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். கடைக்கு மழைக்காலம், குடையும் ரெயின்கோட்டுமாக வியாபாரம்.

அந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. டீ வந்தது. பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடத் தயாராக நின்றான். நான் செட்டைப் பற்றி மட்டும் கேட்டேன். "இதுல கொறை செட்டுல இல்ல மாமா, ஆண்டெனா வயர் முனை உப்பு புடிச்சுப் பச்சையாயிட்டு. அதத் தொடைச்சு மாத்துனா போதும்" என்றான். அவன் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக வாக்கியம் கேட்டு இரண்டு வருடம் இருக்கும்.

வெளியே வரும்போது கடைக்காரர் சொன்னது மனதில் நின்றது. "கை நல்ல கைதான். ஆனா என்ன மாதிரி ஆக்கிராதீங்க. எனக்குப் பத்தாவது இல்ல. புது செட்டு வந்தா கம்பெனிக்காரன் டிரெய்னிங்குக்குக் கூப்பிடுகான், சர்டிபிகேட் கேக்கான், நான் போவ முடியல." இதை நான் சொன்னால் அறிவுரை. அவர் ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

சார் திண்ணைக்கு முதலில் வரமாட்டேன் என்றான். நான் வற்புறுத்தவில்லை. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, சார் அனுப்பிய வரைபடத் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்தேன், அவர் மேசையில் போட்டு வைத்தார். நாலாம் நாள் பையன் கேட்டானாம், "அந்த சார் எங்க இருக்காரு?" இரண்டு சனி, ஞாயிறு போயாகிவிட்டது.

அத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடைக்காலத்துக்குக் கரைக்கு வந்தபோது போட்டிலிருந்த ஜிபிஎஸ் ஒன்றை, வேலை செய்யவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இவன் திண்ணையில் போட்டுக் கழற்ற ஆரம்பித்தான். "கெடுத்துராதலே" என்று சத்தம் போட்டார். ஆனால் நகரவில்லை, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். திரை எரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் வேறு ஒரு போட்டுக்காரரின் செட் திண்ணையில் இருந்தது. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன செவ்வாய்க்கிழமை மறுபடி புகையிலை. பத்து மணிச் சட்டம் இரண்டு தடவை உடைந்தது. ஆகஸ்ட் முடிவையும் அத்தான் இன்னும் மாற்றவில்லை.


ஓய்வுபெற்ற_கணக்கு | ஜூன் 16, காலை 6.15

பையன் மோசமில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாறுகிறான், மூன்றாம் வகுப்பிலேயே யாரோ கவனித்திருக்க வேண்டியது. அந்த ஓட்டையை மறைக்கத்தான் வகுப்பில் சேட்டை பண்ணினான் என்பது என் ஊகம். வரைபடம் அழகாகப் போடுகிறான், அளவுத்திட்டம் எழுத மட்டும் மறந்துபோகிறான்.

பாஸ் ஆனால் என்ன என்று கேட்டான். ஐடிஐ பற்றிச் சொன்னேன். நாகர்கோவில் பக்கம் கோணம் என்கிற ஊரில் அரசு ஐடிஐ இருக்கிறது, என்ன டிரேடில் இடம் இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் இன்னொரு ஆயிரம். இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம், டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடம். சிஃப்நெட்டும் சொன்னேன். அதற்கு 35 போதாது, 40 வேண்டும் என்றதும் நோட்டின் அட்டையில் பெரிதாக 40 என்று எழுதிக்கொண்டான்.


நேர்பேச்சு | ஜூன் 16, இரவு 11.50

சார், தனிப்பட்ட முறையில் ஒன்று. என் இரண்டாவது மகன் ஒன்பதாவது. அவனும் வாய்ப்பாடு சொல்ல மாட்டான். நான் அடித்திருக்கிறேன். உங்களுக்குத் தனி மடல் அனுப்பியிருக்கிறேன், பார்த்தால் போதும்.


கரைமாமா | ஆகஸ்ட் 3, இரவு 9.30

முடிவு வந்துவிட்டது. கணக்கில் 38. பாஸ்.

அக்கா பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். பாட்டி குருசடிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவன் மட்டும் முகம் தொங்கிப்போய் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். என்னலே என்றால், "நாப்பது இல்லியே மாமா." மார்க்குக்காக அவன் வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அத்தான் ஒன்றாம் தேதியே கிளம்பிவிட்டார், தனியாகத்தான். கிளம்பும்போது அக்காவிடம், "ரிசல்ட் வந்தா வயர்லெஸ்ல சொல்லச் சொல்லு" என்றாராம். கரையிலிருந்து எட்டுகிற தூரத்தைத் தாண்டியிருப்பார். கடைக்கார அண்ணன் வேறொரு போட்டு வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், போய்ச் சேர்ந்ததா தெரியாது.

திங்கட்கிழமை கோணம் போகிறோம். எலக்ட்ரானிக்ஸ் டிரேடில் இடம் கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டால் எலக்ட்ரீசியன் எடுத்தால் போதுமா, இல்லை ஒரு வருடம் காத்திருக்கலாமா? டீசல்கை தம்பி, அந்த நாற்பதுக்கு ஏதாவது வழி உண்டா என்று அவன் கேட்கச் சொன்னான்.


டீசல்கை | ஆகஸ்ட் 4, காலை 5.20

காத்திருக்க வேண்டாம் அண்ணே, எது கிடைக்கிறதோ அதில் சேருங்கள். காத்திருக்கிற வருடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எலக்ட்ரீசியன் என்றால் இன்னும் நல்லது, போட்டில் பாதிச் செட் கெடுவது பேட்டரி வயரிங்கில்தான். நாற்பதுக்கு வழி இல்லை, விதி விதிதான். ஐடிஐ முடித்து டிப்ளமோ வழியாக வந்தால் அவனுக்கு சிஃப்நெட் தேவையே படாது.

ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் டக்கில் ஒரு பழைய எக்கோ சவுண்டர் கழித்துப் போட வைத்திருக்கிறார்கள், கேப்டன் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். டிசம்பரில் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தால் கழற்றிப் பார்ப்பானா?


கரைமாமா | ஆகஸ்ட் 4, காலை 7.05

படுக்கையிலிருந்து எழுப்பிக் கேட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். "என்ன மாடல்னு கேளு மாமா" என்றான்.